பரவளையத்தில் ஊறிய தண்ணீர்

வேப்பந்தட்டையிலிருந்து மலைப்பக்கமாகப் போகிற ரோட்டில் ஊத்தங்காடு என்று ஓர் ஊர். அங்கே இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை அது வரவில்லை. மழை பொய்த்து நின்றிருந்தால் வானத்தைத் திட்டலாம். டிரைவர் காய்ச்சலில் படுத்து லாரி நின்றிருந்தால் டிரைவரைத் திட்டலாம். இதுவோ பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற y = x² என்ற சமன்பாட்டால் நின்றுபோனது. அதை யார், என்ன சொல்லித் திட்டுவது?

சமன்பாட்டை எழுதிய கை கணக்கு டீச்சர் மலர்கொடியுடையது. ஆகவே அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். பெரம்பலூரில் 'மாவட்ட வளைவரை ஆய்வு மையம்' என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். மாவட்டத்தில் நடக்கிற சகலத்தையும் வரைபடமாக்கி, அந்த வரைபடத்தைப் பார்த்தே நிர்வாகம் செய்வது அதன் நோக்கம். ஊருக்குள் போய்ப் பார்த்தால் செருப்பில் புழுதி ஒட்டும். வரைபடத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பள்ளியும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எக்செல் கோப்பில் ஒரு வளைவு போட்டு மையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் பள்ளிக்கூடத்தின் பெயருக்கு எதிரே இருக்கும் கட்டம் பச்சையாகும். ஏற்றாவிட்டால் சிவப்பாகவே நிற்கும். சிவப்பைக் கண்டால் தலைமையாசிரியர் செல்லமுத்துவுக்கு பென்ஷன் ஞாபகம் வந்துவிடும். அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிற மனிதர் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை மலர்கொடி பத்தாம் வகுப்பைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போயிருந்தாள். எக்செலில் மைனஸ் பத்திலிருந்து பத்து வரை எண்களை வரிசையாக இறக்கி, பக்கத்துக் கட்டத்தில் ஒரு சூத்திரம் அடித்து, அதன் மூலையைப் பிடித்து இழுத்துவிட்டால் போதும். வரைபடம் தானாக வந்து நிற்கும். y = x என்றால் நேர்கோடு. y = x² என்றால் பரவளையம். கிண்ணம் மாதிரி இறங்கி, பூஜ்ஜியத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். பானுப்ரியா என்ற பெண் யாரும் சொல்லாமலே x³ போட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது கீழருந்து வந்து நடுவுல கொஞ்ச நேரம் படுத்துட்டு மறுபடி எந்திரிச்சுப் போவுது டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. மலர்கொடிக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்தும் இந்தப் படுத்து எழுகிற விஷயத்தை ஒரு பிள்ளை தானாகப் பார்த்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

அப்போது செல்லமுத்து ஓடிவந்தார்.

"மேடம், கட்டம் செவப்பா இருக்கு. டைம் ஆவப் போவுது. எதையாச்சும் ஏத்துங்க."

"எத சார் ஏத்துறது? தேர்ச்சி வெவரம் இன்னும் முடியலயே."

"எக்செல்லுதான கேக்குறாங்க? அதுல வளைவு இருக்கணும், அவ்வளவுதான? இந்தா இருக்கே வளைவு."

இணையதளத்தில் 'கல்வி' என்ற பக்கம் திறக்கவே இல்லை. 'சுகாதாரம்' சுற்றிக்கொண்டே இருந்தது. 'குடிநீர்' மட்டும் டக்கென்று திறந்தது. மலர்கொடி தயங்கினாள். செல்லமுத்து கையைப் பிசைந்தார். திரையில் திறந்திருந்த பரவளையம் குடிநீரில் ஏறியது. கட்டம் பச்சையானது. செல்லமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் டீ சொன்னார்.

"கட்டம் பச்சையானாச் சரி மேடம். உள்ள என்ன இருக்குன்னு எவன் பாக்கப் போறான்?" என்றார்.

பார்த்தார்கள். அதுதான் கோளாறு.

மையத்திலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் பள்ளியின் குடிநீர் வளைவரை ஆராயப்பட்டது. தொடக்கத்தில் நூறாக இருந்த நீர் இருப்பு படிப்படியாகச் சரிந்து பூஜ்ஜியத்தை எட்டியிருப்பதும், அதன்பின் எந்த வெளியுதவியும் இன்றி மீண்டும் நூறை எட்டியிருப்பதும் மகிழ்ச்சியுடன் கவனிக்கப்படுகிறது. வளைவு திரும்பும் புள்ளி, மையத்தின் இயக்குநர் பொறுப்பேற்ற வாரத்தோடு ஒத்துப்போவது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. எனவே தங்கள் பள்ளிக்கு லாரித் தண்ணீர் தேவையில்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது. பாராட்டுகள்."

செல்லமுத்து அதை மூன்று தடவை வாசித்தார். பாராட்டு வந்திருக்கிறது, தண்ணீர் போயிருக்கிறது. எதற்கு எந்த முகத்தைக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டுத் தன் கைக்காசில் ஒரு டிராக்டர் டேங்க் தண்ணீர் வாங்கி இறக்கினார். மையத்துக்கு எப்படியோ தகவல் போய், பள்ளிக்கூடத்துக்குத் 'தன்னிறைவு' என்று இன்னொரு பச்சை கிடைத்தது. அதன்பிறகு அவர் டிராக்டரைக் கூப்பிடப் பயந்தார்.

பள்ளிக்கூடத்து போர்வெல் வற்றி வெகுகாலம் ஆகிறது. பையன்களுக்குப் பிரச்சினை இல்லை, பின்னால் கருவேலங்காடு இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இருப்பது ஒரே ஒரு கழிப்பறைக் கட்டடம். அதில் தண்ணீர் இல்லையென்றால் அது வெறும் கட்டடம். பிள்ளைகள் இதற்கு யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வீடு போய்ச் சேர்கிற வரைக்கும் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். பானுப்ரியா வீடு காட்டுக்குள் ரொம்ப தூரம். அவள் டீத்தண்ணியைக்கூட நிறுத்திவிட்டாள்.

அவள் அம்மா பாப்பாயி வெங்காயக் காட்டிலிருந்து மண்ணும் கையுமாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"டீச்சர், புள்ள வாயில ஒரு சொட்டுத் தண்ணி வைக்க மாட்டேங்குதுங்க. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழுவுது. படிச்சது போதும், நின்னுக்க சாமின்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். பத்தாவது பரீட்ச எழுதியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. தண்ணி வந்துருமுல்லங்க?"

"வந்துரும்க்கா."

"வரலைன்னா டி.சி.ய வாங்கிக்கிறேன் டீச்சர். எங்கூட காட்டு வேலைக்கு வரட்டும். படிப்புக்கு ஒடம்பக் குடுக்க முடியாது."

"கொஞ்ச நாள் பொறுங்கக்கா. நானே பெரம்பலூர் போயி பேசி வாங்கியாரேன்" என்றாள் மலர்கொடி. தான் போட்ட வளைவுதான் அந்தப் பிள்ளையின் அடிவயிற்றில் எரிகிறது என்று அவளுக்குப் பட்டது.

அரை நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து மையத்துக்குப் போனாள். வாசலில் மேல்நோக்கிய பெரிய அம்புக்குறி. அதன் கீழே 'ஏறுவதே இயல்பு' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே ஏ.சி. குளிர், கேன் தண்ணீர். கண்காணிப்பாளர் கமலவேணி என்ற அம்மாள் உட்காரச் சொன்னார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சுற்றறிக்கை வந்தால் அதைக் குலதெய்வத்தின் வாக்காக எடுத்துக்கொள்கிறவர், அவ்வளவுதான்.

"மேடம், அது தண்ணி வளைவு இல்லைங்க. கணக்குப் பாடம். எக்ஸ் ஸ்கொயர்."

"எந்த ஸ்கொயரா இருந்தா என்ன டீச்சர்? குடிநீர்ல ஏத்திட்டீங்க. அது இனிமே குடிநீர்தான்."

"தப்பா ஏத்திட்டேங்க. எடுத்துருங்க."

"எடுக்க வழியில்ல. ஏறுனது ஏறுனதுதான். வேணும்னா புதுசா ஒரு வளைவு குடுங்க. தண்ணி கொறஞ்சு போச்சுன்னு அதுல தெரியட்டும். லாரி தானா வரும்."

மலர்கொடிக்கு உயிர் வந்தது. அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து y = −x போட்டுக் கொடுத்தாள். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிற எளிய நேர்கோடு. கமலவேணி சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"இது எறங்குதே."

"தண்ணி எறங்கிப் போச்சுங்களே மேடம்."

"எறங்குற வளைவ வாங்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு டீச்சர். மாவட்டத்துப் பேரு கெட்டுப்போகும்."

"அப்ப தண்ணி இல்லாத ஸ்கூலு எப்படிங்க சொல்றது?"

"எறங்குற வளைவக் காட்டித்தான் சொல்லணும்."

"அதத்தான் வாங்க மாட்டேங்கறீங்களே."

"ஆமா" என்றார் கமலவேணி பொறுமையாக. "அதனாலதான் நம்ம மாவட்டத்துல தண்ணி இல்லாத ஸ்கூலே இல்ல."

அடுத்த வாரம் மலர்கொடி மறுபடி போனாள். இறங்கக் கூடாது, அவ்வளவுதானே? உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று y = 0 போட்டுக்கொண்டு போனாள். தண்ணீர் பூஜ்ஜியம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கமலவேணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோட்டையே காணோம். y = 0 என்கிற கோடு கிடைமட்ட அச்சின் மேலேயே படுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. மலர்கொடி கம்ப்யூட்டரில் அதைத் தடித்த சிவப்பாக மாற்றிக் காட்டினாள். இதை முடிவு செய்யத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கமலவேணி அவளை இயக்குநரிடம் அழைத்துப் போனார்.

இயக்குநர் ராஜராஜனுக்குக் கம்பீரமான மீசை. அவர் மேசையில் கோப்பு ஒன்றும் இல்லை. சுவர் நிறைய ஒரு திரை, திரை நிறைய வளைவுகள். அத்தனையும் ஏறிக்கொண்டிருந்தன. மலர்கொடியின் சிவப்புக் கோட்டைத் திரையில் போட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, படுத்துக் கிடக்குது? ஒரு அரசாங்கக் கோடு இப்படிப் படுக்கலாமா? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? நான் பொறுப்பேத்து இத்தனை மாசத்துல ஒரு கோடு படுக்க நான் விட்டதில்ல."

"சார், ஸ்கூல்ல தண்ணி இல்லைங்க சார்."

"தண்ணியப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல கோட்டப் பேசுவோம்."

மலர்கொடி அசரவில்லை. பையிலிருந்து பென்டிரைவை எடுத்து சைன் வளைவைப் போட்டாள். அது உயர்நிலைப் பள்ளிப் பாடத்தில் இல்லை, ஆனாலும் இயற்கையில் தண்ணீர் அப்படித்தான் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு ஏறும், சித்திரை வெயிலுக்கு இறங்கும், மறுபடி ஏறும். அதை விளக்கிச் சொன்னாள். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து ரசித்துக் கேட்டார்.

"ஏறுற இடம் பிரமாதமா இருக்கு. எதுக்கு அதுக்கப்புறம் இறங்குது?"

"வெயில் காலம் சார்."

"வெயில் காலத்த வெட்டிட்டு ஏறுன எடத்தோட நிறுத்துங்க. அலை அலையா வர்றதுக்கு நம்ம மாவட்டத்துல கடலா இருக்கு?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது மலர்கொடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தாள். ஏறவும் வேண்டும், தண்ணீர் இல்லை என்றும் சொல்ல வேண்டும். அப்படி ஒரு சார்பு கணக்கில் உண்டா? மக்காச்சோளக் காடுகள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். உண்டு. y = −1/x. பூஜ்ஜியத்துக்கு வலப்பக்கம் அது பாதாளத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஏறினாலும் பூஜ்ஜியத்தைத் தொடாது. ஏறுகிறது என்று அவர்களுக்கும் திருப்தி, இன்னும் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் இருக்கிறோம் என்று பார்க்கிறவனுக்கும் தெரியும். சந்தோஷத்தில் கண்டக்டரிடம் சொல்லிவிடுவாள் போலிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கேட்க இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அப்புறம்தான் வந்தது.

மறுபடி லீவு போட்டு மையத்துக்குப் போனாள். இயக்குநர் அந்த வளைவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதும்மா வளைவு! ஏறிக்கிட்டே இருக்கு, ஆனா போய்ச் சேரவே இல்ல. இலக்கு எப்பவும் முன்னால இருக்குது பாருங்க. ஒரு திட்டம் போய்ச் சேந்துட்டா அப்புறம் ஆபீஸ் எதுக்கு, நான் எதுக்கு? கமலவேணி, இத எல்லாருக்கும் மாதிரியா அனுப்புங்க."

"சார், லாரி…" என்றாள் மலர்கொடி.

"உடனே!" என்றார் இயக்குநர். அப்போது அவர் கண் முதல் கட்டத்தில் விழுந்தது. x பூஜ்ஜியமாக இருக்கிற இடத்தில் எக்செல் #DIV/0! என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியை அழிக்க மலர்கொடி மறந்திருந்தாள். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, அதனால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பிழை வரும், வேறொன்றும் இல்லை என்று அவள் சொன்னதை அவர் கேட்கவே இல்லை.

"பள்ளிக்கூடத்துல பிழை இருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. நேர்ல பாக்காம நான் எப்படி உத்தரவு போடுறது?"

ஆக, இணையதளம் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக மையத்திலிருந்து ஆட்கள் ஊருக்குள் வந்தார்கள். குழுவில் மூன்று பேர். கார் நிறையத் தண்ணீர் பாட்டில். செல்லமுத்து வாசலில் மாலையோடு நின்றார். பிழை எங்கே இருக்கிறது என்று அவர்கள் வகுப்பறை வகுப்பறையாகத் தேடினார்கள். பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு மலர்கொடி அவர்களைக் கூட்டிப் போனாள். குழாயைத் திறந்து காட்டினாள். காற்றுகூட வரவில்லை. தொட்டிக்குள் சிலந்தி வலை பின்னியிருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

அவர்கள் எழுதிய அறிக்கை இரண்டு வாரம் கழித்து வந்தது. "கழிப்பறை மிகத் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது. யாரும் பயன்படுத்தியதற்கான தடயமே இல்லை. குறிப்பிடப்பட்ட பிழை பள்ளி வளாகத்தில் எங்கும் காணப்படவில்லை. எனவே கோப்பு முடித்து வைக்கப்படுகிறது."

அறிக்கை வந்த அன்று காலை வழிபாட்டில் பானுப்ரியா மயங்கி விழுந்தாள். மலர்கொடி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உதடு வெடித்து, உடம்பு அனலாகக் கொதித்தது. செல்லமுத்து இரண்டு பேரையும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய், பிள்ளையைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சிறுநீரில் கிருமி, காய்ச்சல், குளுக்கோஸ். நாலு நாள் படுக்கை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மலர்கொடி தலையை ஆட்டினாள்.

அதற்குள் மற்ற பெண்களும் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தார்கள். சிலர் பஞ்சு எடுக்கப் போனார்கள், சிலர் அத்தை வீடு, சித்தி வீடு என்று வேறு ஊர்ப் பள்ளிக்குப் போனார்கள். மிச்சம் இருந்தது பள்ளிக்கூடத்தை ஒட்டி வீடு இருக்கிற பிள்ளைகள்தான். அவர்கள் இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவிட்டு வருவார்கள்.

அப்போது கமலவேணி போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். மனசு கேட்கவில்லை போலும்.

"டீச்சர், குடிநீர் பக்கத்துல புதுசா 'தேவை'ன்னு ஒண்ணு தொறந்துருக்காங்க. வாரத்துக்கு எத்தன பொண்ணுங்க தண்ணி பொழங்குறாங்கன்னு அதுல போடணும். அதுல எறங்குற வளைவயும் வாங்குறாங்க. உங்க கஷ்டத்த அதுல காட்டுங்க."

மலர்கொடி அன்றைக்கு எந்தச் சூத்திரமும் போடவில்லை. வருகைப்பதிவை வைத்துக்கொண்டு, கழிப்பறையை நம்பி வந்த பெண்கள் எத்தனை பேர் என்று வாரம் வாரமாக எண்ணி அடித்தாள். வளைவு முதலில் மெல்லச் சாய்ந்து, பிறகு செங்குத்தாக விழுந்து, கடைசியில் அச்சில் போய் ஒட்டியது. அச்சைத் தொடுமுன் ஒன்று என்று நின்ற கடைசிப் புள்ளி பானுப்ரியா. அதை அடிக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் கணக்கில் எழுதிப் பார்த்தோம், இது கணக்கு இல்லை, பிள்ளைகள். இதைப் பார்க்கிற எந்த மனிதனுக்கும் நெஞ்சு பதறும் என்று நினைத்துக்கொண்டே ஏற்றினாள்.

கட்டம் அடர்பச்சையானது. அப்படி ஒரு பச்சை இருப்பதே யாருக்கும் தெரியாது. சாயங்காலமே இயக்குநர் போன் செய்தார்.

"வாழ்த்துகள்மா! தண்ணீர்த் தேவைய பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வந்த முதல் பள்ளி உங்களோடது. வெள்ளிக்கிழமை விழா. நீங்க மேடையில பேசணும்."

மலர்கொடி போனாள். மேடையில் ஒரு தடவையாவது நேரே சொல்லிவிடலாம் என்பதற்காகத்தான் போனாள். அன்று சாயங்காலம் டி.சி. வாங்க வருகிறேன் என்று பாப்பாயி சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குள் ஏதாவது ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும்.

விழா மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அரியலூரிலும் இதேபோல் ஒரு மையம் திறந்திருந்தார்கள். பாடம் கற்றுக்கொள்ள அங்கிருந்து ஒரு வேன் நிறைய ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். திரையில் மலர்கொடியின் வளைவு ஆள் உயரத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, தண்ணீர்ப் பிரச்சினைக்கு இதுவரை எல்லாரும் தண்ணீர் கொடுக்கப் பார்த்தார்கள். அது பழைய முறை. தண்ணீர் கொடுத்தால் குடிப்பார்கள், குடித்தால் மறுபடி கேட்பார்கள். இந்தப் பள்ளியில் நாம் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது!"

கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கை மலர்கொடியிடம் கொடுத்தார்கள்.

"அது தண்ணித் தேவை கொறஞ்சது இல்லைங்க. பொண்ணுங்க ஸ்கூலுக்கு வர்றத நிறுத்திட்டாங்க. கழிப்பறையில தண்ணி இல்ல. தண்ணி குடிக்காம இருந்து இருந்து ஒரு புள்ள ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துருக்கு. நல்லா படிக்கிற புள்ள. இன்னிக்கு அவ அம்மா டி.சி. வாங்க வராங்க. தயவுசெஞ்சு லாரிய அனுப்புங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

இயக்குநர் உணர்ச்சி ததும்ப எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கேட்டீர்களா? இதைத்தான் நான் மக்கள் பங்கேற்பு என்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் தாமாக முன்வராமல் எந்த வளைவும் இப்படி இறங்காது. அந்தத் தாய்க்கு என் வணக்கம்!"

முன்பைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். கண்ணாடியில் வளைவு செதுக்கிய ஒரு ஷீல்டை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கமலவேணி மட்டும் தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படி இறங்கி வெளியே வந்தவளை அரியலூர் வேனிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து பிடித்தாள். தா.பழூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை, பெயர் வெற்றிச்செல்வி என்றாள். கண் கலங்கியிருந்தது.

"மேடம், எங்க ஸ்கூல்ல மோட்டாரப் போட்டா பத்து நிமிஷத்துல தொட்டி ரொம்பிரும். புள்ளைங்க நல்லாக் குடிக்குதுங்க. அதனால எங்க தேவை எறங்கவே மாட்டேங்குது. ஏன் எறங்கலன்னு வெளக்கம் கேட்டுருக்காங்க. நான் என்னன்னு எழுதுறது?"

"எதையாச்சும் எழுதுங்க. எக்ஸ் ஸ்கொயர் வேணாம், வேற எதையாச்சும் ஏத்துங்க" என்றாள் மலர்கொடி. "ஆனா மோட்டார் ஓடுறத மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க."

அவள் ஊத்தங்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. அலுவலக அறை வாசலில் பாப்பாயி காத்திருந்தாள். பானுப்ரியா வரவில்லை. வந்தால் அழுவாள் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாளாம். உள்ளே செல்லமுத்து டி.சி.யை எழுதி முடித்து, பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வந்துருமாங்க டீச்சர்?"

"இல்லக்கா."

பாப்பாயி அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். "பளபளன்னு இருக்கே. எதுக்குங்க குடுத்தாங்க?"

மலர்கொடிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நம்ம பானு ஸ்கூலுக்கு வராததுக்குக் குடுத்தாங்கக்கா."

பாப்பாயி அதைக் கையில் வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியில் பட்ட தன் விரல்ரேகையை முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்ப அவளிடமே கொடுத்தாள்.

"கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க டீச்சர்" என்றாள்.